நின்ற இடத்தில் விழுந்த வண்டி

மாப்ளே,

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். சீயக்காய்த் தூளையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. கையில் இருக்கிற கிரீஸ் வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறது. உன் வண்டியின் கிரீஸ்தான். நேற்றுக் காலை முழுக்க விருதுநகர்ப் பட்டறையில் அதைப் போட்டு வேலை பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்று சொல்வது என் வாய்ப் பழக்கம். மெக்கானிக் பார்த்தார், நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரிதான் போன வாரம் கூப்பிட்டு விட்டாள். நீ போனபிறகு நான் அந்த வாசலுக்குப் போவதே குறைந்துவிட்டது. “அண்ணே, அவுக வண்டி இப்படித் துருப்பிடிச்சு நிக்கிறதப் பாக்க முடியல. ஓடுற மாதிரி ஆக்கித் தாங்க, என் தம்பி ஓட்டட்டும்” என்றாள். வண்டி என்றாலே என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று உன் வீட்டில் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறேன், பார்த்தாயா.

பட்டறையில் உட்கார்ந்து வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். இந்த வண்டியைச் செய்த கம்பெனிக்காரனே ஒரு தடவை என்னிடம் யோசனை கேட்டுக் கடுதாசி போட்டான் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். மெக்கானிக் காது கொடுத்த மாதிரியே தெரியவில்லை. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்களைக் கழற்றித் துடைத்து, ஒரு கனத்த கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து விரலால் உருட்டினார். வலது குழாய் சத்தமில்லாமல் உருண்டு போனது. இடது குழாய் டக்கு டக்கென்று தட்டிக்கொண்டே உருண்டது. குனிந்து பார்த்தேன். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது.

“அண்ணாச்சி, இந்த வண்டி இடப்பக்கமா விளுந்துருக்கு” என்றார்.

“ஆக்சிடெண்டா?”

“ஆக்சிடெண்டுன்னா இம்புட்டோட போவுமா? நின்ன எடத்துல சாஞ்சிருக்கு. எவனோ ஒரு பய, போல்ட்டக்கூடத் தளத்தாம, வீல முட்டிக்கு நடுவுல கவ்விக்கிட்டு ஹேண்டிலத் திருகி நேராக்கப் பாத்துருக்கான். முக்காவாசி வந்துருக்கு, மிச்சம் அப்படியே நின்னுருச்சு. வேல தெரியாத பய.”

நான் தலையை ஆட்டினேன். “ஆமா, வேல தெரியாத பயதான்” என்றேன். அந்தப் பய யாரென்று உனக்குத் தெரியாது மாப்ளே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதி நீ பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், ஊருக்குப் பத்தாவது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் இடது கை வெந்த வருஷம் ஞாபகம் இருக்கிறது. தீபாவளி சீசன், பட்டாசுக் கம்பெனியில் ஆள் போதாமல் ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்த நேரம். கண் மூடித் திறப்பதற்குள் வெடிமருந்து பற்றிக்கொண்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் பத்து நாள் உன்னோடு கிடந்தேன். சரி, நாலு நாள். டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது: “கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும். சும்மா வச்சா ஆறுற தோல் இழுத்துக்கும், அப்புறம் கை மடங்கினது மடங்கினதுதான்.”

அந்த வார்த்தையை நீ சாமி வாக்காக எடுத்துக்கொண்டாய். தினம் விடிந்ததும் ஈரத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவாய். வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “ஏதாச்சும் அளந்து விடுலே மச்சான்” என்பாய். நானும் அளப்பேன். ஆனைக்குட்டம் அணையில் நான் பிடித்த மீன் உன் கை தேறத் தேற வளர்ந்துகொண்டே போனது. முதல் வாரம் முழ நீளம், கடைசி வாரம் அதைத் தூக்கிப்போக டிராக்டர் வந்தது.

எட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியில் ஏறினாய். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாய். ஏறி, பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ இடது கையால் கிளட்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் பார்த்தாய். வண்டி நகர்ந்தது. ஊர் எல்லை தாண்டியதும் கத்தினாய் பார், “பிடிக்குதுலே மச்சான்! கை பிடிக்குதுலே!” ரோட்டோரம் மேய்ந்த ஆடெல்லாம் மிரண்டு ஓடியது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆடு நிஜமாகவே ஓடியது.

அதற்கப்புறம் நீ பட்டாசுக் கம்பெனிப் பக்கம் போகவில்லை. காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலையில் சேர்ந்தாய். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும், அதைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். காரியாபட்டி வரைக்கும் ஒரு கடை விடமாட்டாய். எந்த மளிகைக் கடைக்காரர் முருகன் படம் கேட்பார், எந்த நகைக்கடைக்கு லட்சுமி வேண்டும், எவர் போன வருஷத்துக் கோபத்தில் இருக்கிறார், எல்லாம் உனக்கு மனப்பாடம். “கட கடையா ஏறி எறங்குறது அலுக்கலையாலே?” என்று கேட்டால், “வண்டில போறப்ப என் கையப் பாத்துக்கிட்டே போறேன் மச்சான், அலுக்குமா?” என்பாய். மற்றவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார்கள். நீ ரோட்டையும் பார்ப்பாய், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் அந்தக் கையையும் பார்ப்பாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நீ மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தாய். என் வண்டியில் பெட்ரோல் இல்லை. உன் சாவியை எடுத்துக்கொண்டு ஆலங்குளம் பக்கம் ஒரு ஆளைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது தூறல். ஒரு டீக்கடை ஓரத்தில், ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் சைடு ஸ்டாண்டைப் போட்டு நிறுத்தினேன். கீழே ஒரு கல்லோ ஓடோ வைத்து ஸ்டாண்டை அதன் மேல் ஊன்ற வேண்டும் என்று உனக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன். எனக்கு நான் சொல்லித் தரவில்லை.

நிறுத்திய வண்டியின் மேல் உட்கார்ந்து, கையில் டீயோடு, கொடைக்கானல் மலையில் பிரேக் இல்லாமல் நான் இறங்கி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நாலு பேர் இருந்தார்கள். வளைவில் வண்டியைச் சாய்த்ததைக் காட்ட உடம்பைச் சாய்த்தேன். ஸ்டாண்டு மண்ணில் இறங்கியது. வண்டி இடப்பக்கமாய்ச் சாய, நான் அதற்குக் கீழே, டீ எனக்கு மேலே.

கடலை வறுத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “என்ன அண்ணாச்சி, கொடைக்கானல்ல விளாம இங்கன வந்து விளுந்துட்டீக?”

கடையே சிரித்தது. ஒரு லாரி டிரைவர் வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். கண்ணாடி உடையவில்லை. கிளட்சு லிவர் நுனியில் ஒரு கீறல். ஆனால் சக்கரம் நேராக நிற்க, ஹேண்டில் இடப்பக்கம் திரும்பி நின்றது. முன் சக்கரத்தை முட்டிக்கு நடுவில் கவ்விக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்துத் திருகினேன். அந்த டிரைவர் சொன்னார்: “அண்ணாச்சி, அப்படித் திருகாதீக. மேலயும் கீழயும் போல்ட்டத் தளத்திட்டு, முன்னாடி நின்னு ரெண்டு குழாயும் ஒண்ணு போல நிக்குதான்னு பாத்து டைட் பண்ணணும். குழா வளஞ்சிருந்தா வெளிய தெரியாது, கழத்தித்தான் பாக்கணும்.”

“எனக்கே வண்டி சொல்லித் தாரியளா? முப்பது வருசமா என் கையில ஒரு வண்டி விளுந்ததில்ல” என்றேன். சட்டை முழுக்கச் சேறோடு நின்றுகொண்டு இதைச் சொன்னேன். அந்த ஆள் லாரியில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. நேற்று மெக்கானிக் அதையேதான் செய்தார்.

வழியில் கண்மாய்க் கரையில் நிறுத்தித் துண்டால் வண்டியைத் துடைத்தேன். லிவர் கீறலில் கரியைத் தேய்த்தேன். நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். “எப்படிலே ஓடுச்சு?” என்றாய். “வெண்ணெ மாதிரி” என்றேன். விழுந்ததைச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், அவ்வளவுதான். ஒரு மாசம் போகிற இடமெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பாய். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

மூன்று நாள் கழித்து நீ என்னைத் தேடி, நான் லோடு ஏற்றுகிற இடத்துக்கே வந்தாய். முகம் சரியில்லை. ஓரமாய்க் கூப்பிட்டுச் சொன்னாய். “மச்சான், நேர் ரோட்ல போறப்பக்கூட ஹேண்டில் இடப்பக்கமாத் திரும்பியே இருக்கு. வண்டியா, என் கையான்னு தெரியல. தோலு இழுத்துருச்சோன்னு பயமா இருக்கு. நீ ஒரு தடவ ஓட்டிப் பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியாததா?”

உனக்குத் தெரியாததா என்றாய் மாப்ளே.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பினேன். வண்டி நேராகப் போனது, ஹேண்டில் ஒரு விரற்கடை இடப்பக்கம் திரும்பி நின்றது. இடது பக்கம் லேசாய் ஒரு இழுப்பும் இருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. திரும்பி வருகிற அந்த ஐந்து நிமிஷமும் என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: வண்டியில் கோளாறு என்றால் எப்படி வந்தது என்று கேட்பாய், கேட்டால் டீக்கடை வரைக்கும் சொல்ல வேண்டும்.

இறங்கி, சாவியை உன் கையில் வைத்தேன். “வண்டி குண்டு மாதிரி இருக்கு” என்றேன்.

“நெசமாவா?”

“நான் பாத்து ஒரு வண்டி தப்பினதுண்டா?”

நீ சாவியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். இடது கையைத் தூக்கி, விரலை மடக்கி, நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாய். “அப்ப கைதான்” என்றாய். அன்று நீ வண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டு போனாய். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். லோடு மேஸ்திரி என்னைத் திட்டிக் கூப்பிட்டான் என்று உள்ளே போய்விட்டேன். அவன் கூப்பிடவில்லை.

கொஞ்ச நாள் காலையில் ஒரு தடவைக்கு மூன்று தடவை துண்டு பிழிந்தாய் என்று தங்கச்சி, உன் வீட்டுக்காரிதான், சொன்னாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாய். டாக்டரிடம் போகலாம் என்று அவள் அழுதிருக்கிறாள். “என் கை எனக்குத் தெரியாதா” என்று முடித்துவிட்டாய். ஆல்பத்தைத் துணியில் சுற்றிக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்தாய். பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தாய். கை முடியாதவருக்கு உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள் என்று எல்லோரும் அந்த முதலாளியைப் புகழ்ந்தார்கள். நானும் கூடச் சேர்ந்து புகழ்ந்தேன்.

சொல்ல நினைக்காமல் இல்லை. ஒரு தடவை என் வண்டியில் பின்னால் உன்னை ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனேன். போகிற வழியில், “மாப்ளே, அன்னைக்கு உன் வண்டி...” என்று ஆரம்பித்தேன். “வண்டிப் பேச்ச விட்ரு மச்சான்” என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நீயே வேண்டாம் என்றுவிட்டாய் என்று அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். அந்த மீன் கதையை எடுத்துவிட்டேன். நீ முன்பு மாதிரி சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்ததால் உன் முகம் எனக்குத் தெரியவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

போன பங்குனியில், பட்டப் பகலில், கேட்டில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ வண்டி ஓட்டின அழகை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கரட்டு மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு நீ தாவினதாகச் சொன்னேன். ஜனங்கள் அழுதுகொண்டே கேட்டார்கள். டீக்கடையை மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் வேலை முடிந்தது. வளைந்த குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போட்டு, போல்ட்டை எல்லாம் தளர்த்தி, முன்பக்கத்தை மூன்று தடவை அமுக்கி விட்டு, எதிரே நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாய் இறுக்கினார் மெக்கானிக். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் தடங்கல் இல்லை. “ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி” என்றார்.

சிவகாசி ரோட்டில் ஓட்டிப் போனேன். ஹேண்டில் நேராக நின்றது. இரண்டு கையும் ஒன்று போல நீண்டிருந்தது. இதற்குப் பிடித்தது அரை நாள் வேலை மாப்ளே. அன்றைக்கே செய்திருந்தால் நீ மறுநாள் காலையில் ஆல்பத்தைக் கட்டியிருப்பாய்.

நேராய் உன் வீட்டுக்குத்தான் போனேன். தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “அவுக ஓட்டுன மாதிரியே ஆயிருச்சேண்ணே” என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். என்னவோ, கால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தூறல், சைடு ஸ்டாண்டு, கடலைக்கார அம்மாள், நான் திருகினது, குண்டு மாதிரி இருக்கு என்றது. ஒன்றையும் கூட்டவில்லை. ஒன்றையும் குறைக்கவும் இல்லை. அப்படி ஒரு கதையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை, மாப்ளே. ரொம்பச் சின்னக் கதைதான் அது.

திட்டுவாள் என்று நின்றேன். சேலை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“அப்ப அவுக கை நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?”

“நல்லாத்தான் இருந்துச்சு தாயி.”

“ஒரு கொடம் தண்ணிகூட அவுகளத் தூக்க விடலயே நான். முடியாத கைய எதுக்கு வருத்துறீகன்னு பிடுங்கிப் பிடுங்கி வச்சேனே” என்றாள். அழவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் நடந்து பஸ் ஏறினேன்.

பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ இருந்தால் பொறுத்திருப்பாய், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வண்டியா, கையா என்று கேட்டாய். பதில் அன்றைக்கே என் வாயில் இருந்தது. உலகத்துப் பொய்யெல்லாம் தயங்காமல் வந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். உன் வீட்டுக்காரியிடம் இறக்கி வைத்தும் பாரம் குறையவில்லை, ஏனென்றால் அது அவளுக்குச் சேர வேண்டியது இல்லை.

உனக்குச் சேர வேண்டியது. இந்தா, வாங்கிக்கொள். உன் கை நன்றாகத்தான் இருந்தது, மாப்ளே.